முப்பது ரூபாய் சாக்கெட்: பென் டேப்லெட்டோடு ஐந்து வருடம்

என் பென் டேப்லெட், அதாவது பேனாவால் எழுதினால் கணினித் திரையில் எழுத்து விழும் பலகை, கேபிள் சாக்கெட் மாற்றி நேற்றுதான் கைக்கு வந்தது. ஐந்து வருடத்தில் இது இரண்டாவது முறை. கூலி 350 ரூபாய். அதில் சாக்கெட்டின் விலை முப்பது ரூபாயைத் தாண்டாது. அந்த எரிச்சல் அடங்குவதற்குள் நண்பர் ஒருவர் கேட்டுவிட்டார். மகளின் பேறுகாலத்துக்கு அவர் மனைவி மூன்று மாதம் ஷார்ஜா போகிறாராம். பத்தாம் வகுப்புக் கணக்கு டியூஷனை அங்கிருந்தே நடத்த வேண்டுமாம். "உங்க பென் டேப்லெட் இன்னும் ஓடுதா சார்? அதையே வாங்கிடலாமா?"

ஓடுகிறது. அதையே வாங்கலாமா என்பது வேறு கேள்வி.

2020 மார்ச்சில் இப்படிப் பேறுகாலத்துக்கும் பேரப்பிள்ளைகளைப் பார்க்கவும் போய் அமீரகத்தில் மாட்டிக்கொண்ட ஆசிரியர்களுக்கு இந்தப் பொருளின் அருமை தெரியும். மார்ச் 22 அன்று இந்தியா வெளிநாட்டுப் பயணிகள் விமானங்களை நிறுத்தியது. மாட்டிக்கொண்டவர்களை அழைத்துவரும் வந்தே பாரத் விமானங்கள் மே 7-ல்தான் தொடங்கின. முதல் இரண்டும் கேரளத்துக்கு. கரும்பலகையும் இல்லை, நோட்டும் இல்லை, கையில் ஒரு லேப்டாப். இந்தப் பலகை அந்த ஏப்ரலில் துபாயில் ஆன்லைனில் வாங்கியது, இருநூறு திர்ஹம் சொச்சம். திரை இல்லாத ரகம், எழுதும் பரப்பு 152-க்கு 95 மில்லிமீட்டர், பேனாவுக்கு பேட்டரி கிடையாது. மற்ற விவரங்கள் பெட்டியிலேயே இருக்கும்.

போனை மேலே கட்டித் தொங்கவிட்டு, பேப்பரில் எழுதுவதைக் காட்டினால் போதாதா என்று எல்லோரும் கேட்பார்கள். பிள்ளைகள் பக்கம் போகும் டேட்டாவைக் கணக்குப் போடுங்கள். ஜூம் தரும் கணக்குப்படி திரைப் பகிர்வு மட்டும் என்றால் நொடிக்கு 50 முதல் 75 கிலோபிட், குரலுக்கு 60 முதல் 80. இரண்டும் சேர்த்து நாற்பது நிமிடத்துக்கு 47 எம்பிக்குள் முடிந்துவிடும். நல்ல தர வீடியோவுக்கு 600 கிலோபிட். அதே நாற்பது நிமிடத்துக்கு வீடியோ மட்டுமே 180 எம்பி. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி ரீசார்ஜில், ஒரே போனை அண்ணனும் தங்கையும் மாற்றி மாற்றிப் பிடிக்கும் வீட்டில் நாலு பாடம் கேட்க வேண்டும். வெள்ளைத் திரையில் கறுப்புக் கோடு என்பதால் படம் மங்கினாலும் எழுத்து வாசிக்கும்படி இருக்கும். கேமராவில் காட்டும் பேப்பர் மங்கினால் வெறும் சாம்பல் கட்டம்தான்.

எதிர்பாராமல் கிடைத்த சந்தோஷம் இன்னொன்று: இதில் சத்தமே இல்லை, கேமராவும் வேண்டாம். ஒரு பெட்ரூம் ஃப்ளாட்டில் ஆறு பேர், ஒரே சாப்பாட்டு மேசை. மருமகன் டீம்ஸில் அலுவலகம், பேத்தி ஜூமில் பள்ளி, பக்கத்தில் பச்சைக் குழந்தை. பின்னால் யார் நடந்தாலும் மாணவர்களுக்குத் தெரியாது; லைட் போட வேண்டியதில்லை; சாக்பீஸ் தட்டும் ஒலி இல்லை. வாயருகே மைக் வரும் ஹெட்செட் மட்டும் கட்டாயம், விண்டோ ஏசியின் இரைச்சலை லேப்டாப் மைக் அப்படியே அள்ளி அனுப்பும்.

நேரக் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அங்கே நம்மைவிட ஒன்றரை மணி பின்னால். இங்கே எட்டரை மணி வகுப்பு என்றால் அங்கே ஏழு. 2020-ல் அங்கே வெள்ளி, சனி விடுமுறை, நமக்கு ஞாயிறு. அதனால் வீடு முழுக்கத் தூங்கும் வெள்ளிக்கிழமை காலையில் நமக்கு வகுப்பு, நாம் ஓய்வாக இருக்கும் ஞாயிறன்று பிள்ளைகளுக்கு வகுப்பு. ஒரே மேசைக்கு வாரத்தில் ஒரு நாள்கூட ஓய்வில்லை. 2022-லிருந்து அமீரகத்தில் சனி, ஞாயிறு என்று மாற்றிவிட்டார்கள். ஷார்ஜாவில் மட்டும் வெள்ளியும் சேர்த்து மூன்று நாள். நண்பரின் மனைவிக்கு வெள்ளியும் சனியும்தான் இடிக்கும்.

அன்று அங்கே வாட்ஸ்அப் கால் போகாது. ஜூம், டீம்ஸ் இரண்டையும் அந்த மார்ச்சில்தான் தொலைநிலைக் கல்விக்காகத் திறந்துவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் செய்தியும் குரல் பதிவும் போனதால் சந்தேகம், வீட்டுப்பாடம் எல்லாம் அந்த வழியே. பிள்ளை அனுப்பிய நோட்டுப் பக்கத்தின் படத்தைத் திறந்து, அதன் மேலேயே சிவப்பில் டிக் போட்டு, தப்பான வரியை வட்டமிட்டுத் திருப்பி அனுப்பலாம். மவுஸால் ஒரு பக்கம் திருத்தும் நேரத்தில் இதில் ஐந்து பக்கம் முடியும்.

இனி, வாங்கிய அன்றே செய்ய வேண்டியவை. செய்யாததால்தான் பாதிப் பேர் இரண்டே நாளில் அலமாரியில் வைத்துவிடுகிறார்கள்.

முதலில் வட்டம். பலகையின் விகிதம் 16-க்கு 10, லேப்டாப் திரை 16-க்கு 9. அப்படியே விட்டால் நீங்கள் போடும் வட்டம் திரையில் பதினோரு சதவீதம் அகலமாகி முட்டையாக விழும். வட்டத்தின் தொடுகோட்டை நடத்தும்போது இது சிரிப்பாகிவிடும். டிரைவரில், அதாவது பலகையைக் கணினியோடு இணைக்கும் மென்பொருளில், விகிதத்தைப் பூட்டும் கட்டத்தை டிக் செய்தால் எழுதும் உயரம் 95-லிருந்து 85.5 மில்லிமீட்டராகக் குறையும்; கீழே ஒரு விரல் அகலம் செத்த இடம். போகட்டும், வட்டம் வட்டமாக வரும்.

அடுத்து விண்டோஸின் உபத்திரவம். பேனாவை ஒரே இடத்தில் ஊன்றினால் சுற்றி ஒரு வளையம் தோன்றி ரைட் கிளிக் மெனு விழும். கன்ட்ரோல் பேனலில் பென் அண்ட் டச் என்பதற்குள் போய், பிரஸ் அண்ட் ஹோல்டு அமைப்பை அணைத்துவிடுங்கள். பேனாவின் பக்கவாட்டுப் பொத்தான்களில் கீழ்ப் பொத்தானையும் செயலிழக்கச் செய்வது நல்லது, கட்டைவிரல் அதன் மேலேயே போய் உட்காரும்.

மூன்றாவதை எந்த ஆங்கில விமர்சனத்திலும் பார்க்க முடியாது: புள்ளி. தமிழில் எழுதினால் மெய்யெழுத்தின் புள்ளி பதியாது. "வட்டம்" என்று எழுதினால் திரையில் "வடடம" என்று நிற்கும். லேசான ஒரு தட்டலை இது எழுத்தாகவே எடுத்துக்கொள்ளாது, பேனா பட்டு நகர்ந்தால்தான் கோடு. தமிழில் புள்ளி போனால் பிள்ளைகள் ஊகித்துக்கொள்வார்கள்; 3.14 என்பது 314 ஆனால் யார் ஊகிப்பது? டிரைவரில் பேனா முனையின் அழுத்த அளவை மென்மைப் பக்கம் இரண்டு படி தள்ளுங்கள். அதோடு, புள்ளியைத் தட்டாமல் எள் அளவுக்கு ஒரு சுழி சுழித்துப் பழகுங்கள். ஒரு வாரத்தில் கை பழகிவிடும். அப்புறம் காகிதத்திலும் புள்ளி சுழியாகத்தான் விழும், அதற்கு மருந்தில்லை.

ணகரமும் ஞகரமும் நெளிவதற்கு பலகை காரணமல்ல. ஜூமின் ஒயிட்போர்டு கோட்டை வழவழப்பாக்குகிறேன் என்று சுழிகளை விழுங்கிவிடும். ஸூர்னல் பிளஸ் பிளஸ் (Xournal++) என்ற இலவச மென்பொருளில் எழுதி, அந்த ஜன்னலை மட்டும் பகிருங்கள். பாடப்புத்தகத்தின் பிடிஎஃப்பைத் திறந்து அதன் மேலேயே எழுதலாம், வகுப்பு முடிந்ததும் அதையே பிடிஎஃப்பாக அனுப்பலாம். கணக்குப் பாடத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

எழுத்து மேல்நோக்கி ஏறிக்கொண்டே போனால் பலகை கோணலாக இருக்கிறது என்று பொருள். நோட்டைச் சாய்த்து வைத்து எழுதும் பழக்கம் இங்கே ஆகாது. பலகையின் விளிம்பும் லேப்டாப்பின் விளிம்பும் ஒரே நேராக இருக்க வேண்டும்.

முனை தேய்வதற்குப் பயப்பட வேண்டாம். தினம் நாலு மணி நேரம் எழுதினால் இரண்டு, மூன்று மாதத்தில் ஒரு பக்கம் உளிபோல் சாயும். அந்தக் கூர்விளிம்பு பரப்பைக் கீறத் தொடங்கும் முன் கழற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். பரப்பின் மேல் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் கவரை வெட்டி ஒட்டினால் முனை இன்னும் நாள்படும். சில மில்லிமீட்டர் உயரத்திலிருந்தே பேனாவைப் பலகை உணரும் என்பதால் கவர் குறுக்கே நிற்காது. கவருக்கு அடியில் ஒரு கட்டம் போட்ட தாளைச் சொருகிவிடுங்கள். திரையைப் பார்த்துக்கொண்டு கையைக் குருடாக நகர்த்தும் தவிப்பு அந்தத் தாளால் பாதி குறையும். இந்த ஒட்டுவேலையைச் செய்த பிறகு நான் மாற்றிய முனைகள் இரண்டே இரண்டு.

இவ்வளவு நல்ல பொருளை வடிவமைத்தவர்கள், கேபிள் சொருகும் இடத்துக்கு மட்டும் மைக்ரோ யூஎஸ்பி வைத்தார்கள். அதுவும் பக்கவாட்டில், இடது முழங்கை போகிற வழியில். நாற்பது நிமிடமும் கேபிளோடு இணைந்தே இருக்க வேண்டிய பொருளுக்கு, நாளுக்கு ஒரு முறை சொருகிப் பிடுங்கும் போனுக்கான சாக்கெட். குழந்தை கேபிளை இழுக்கும், சாப்பாட்டுத் தட்டு அதன் மேல் ஏறும், மேசையைக் காலி செய்யும் ஒவ்வொரு வேளையும் பிடுங்கிச் சொருக வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று வேளை என்று போட்டாலே வருடத்துக்கு ஆயிரம் தடவை.

நோய் இப்படி வளரும். முதலில் கேபிள் முனையில் இருக்கும் இரண்டு சிறு கொக்கிகள் தேயும், பிடிப்பு போகும். கேபிளை மாற்றினால் சரியாகிவிடும். அங்கேதான் முக்கால்வாசிப் பேர் ஏமாறுவது: பார்க்க ஒரே மாதிரி இருக்கும் கேபிள்களில் பல வெறும் சார்ஜிங் கேபிள்கள், தரவுக் கம்பி உள்ளே இருக்காது. பலகையில் விளக்கு எரியும், கணினி கண்டுகொள்ளாது. வாங்கும் முன் அதே கேபிளால் ஒரு போனிலிருந்து படத்தைக் கணினிக்கு மாற்றிப் பாருங்கள்.

அடுத்த கட்டத்தில் சாக்கெட்டை உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டோடு பிடித்திருக்கும் ஈயப் பற்று விரிசல் விடும். கேபிளை ஒரு பக்கம் அழுத்திப் பிடித்தால்தான் ஓடும். வகுப்பு நடுவே அம்புக்குறி உறைந்தால் உடனே விளக்கைப் பாருங்கள். விளக்கு அணைந்திருந்தால் சாக்கெட் அல்லது கேபிள். எரிந்துகொண்டிருந்தால் டிரைவர் தொங்கிவிட்டது, கணினியை அணைக்க வேண்டாம். விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலில் டேப்லெட்டின் பெயரில் இருக்கும் சேவையை ரீஸ்டார்ட் செய்தால் பத்து நொடியில் உயிர் வரும். இது தெரியாமல் ஒவ்வொரு முறையும் லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தால் நாற்பது பிள்ளைகள் ஜூமை விட்டு ஓடிவிடுவார்கள்.

கம்பெனி சர்வீஸில் சாக்கெட்டை மட்டும் மாற்றித் தர மாட்டார்கள், புதிதாக வாங்கச் சொன்னார்கள். தெருமுனை மொபைல் கடையில் இருபது நிமிட வேலை. திருகுகள் அடியிலிருக்கும் ரப்பர் பாதங்களுக்குள் ஒளிந்திருக்கும். சூடான காற்றில் பழையதை எடுத்துப் புதியதை வைப்பார்கள். கடைக்காரரிடம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: நாலு காலும் போர்டின் துளைக்குள் இறங்கும் ரகம் வேண்டும். மேலே சும்மா ஒட்டி நிற்கும் ரகத்தைத்தான் எனக்கு முதல் முறை போட்டிருந்தார்கள், பதினாலு மாதத்தில் பெயர்ந்தது. என் போர்டில் துளைகள் இருந்தும் அதைப் போட்டதுதான் கொடுமை.

வராமல் தடுக்க எல்-வடிவ முனையுள்ள கேபிள் நல்லது. இடம் திரும்பியது, வலம் திரும்பியது என்று அதில் இரண்டு உண்டு; லேப்டாப் இருக்கும் திசை பார்த்து வாங்க வேண்டும். சாக்கெட்டிலிருந்து மூன்று சென்டிமீட்டர் தள்ளி, கேபிளில் சின்ன வளையம் விட்டு, பலகையின் முதுகில் துணி டேப் போட்டு ஒட்டுங்கள். இழுப்பை டேப் வாங்கிக்கொள்ளும். செல்லோ டேப் வேண்டாம், வெயில் ஊரில் பசை வழியும்.

வெளியூர் போகிறவர்களுக்கு இன்னொரு சாக்கெட் தொல்லையும் இருக்கிறது. அமீரகத்தில் சுவரில் சதுரக்கால் பதின்மூன்று ஆம்பியர் பிளக். நம் உருண்டைக்கால் பிளக்குக்கு யுனிவர்சல் அடாப்டர் போட்டால் பலவற்றில் எர்த் கிடைக்காது. லேப்டாப்பின் உலோக உடம்பில் லேசாகச் சுருக்கென்று இருக்கும், பேனாக் கோடும் நடுங்கலாம். சார்ஜரை மாற்ற வேண்டியதில்லை. சார்ஜரின் செங்கல் போன்ற பெட்டிக்கும் சுவருக்கும் இடையில் வரும் ஒயரை மட்டும், நம் கடைகளில் மிக்கி மவுஸ் கேபிள் என்பார்களே, அதை அந்த ஊர் பிளக்கோடு அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். சார்ஜர் செங்கலையும் பலகைக்கு ஓரடி தள்ளி வையுங்கள்.

இதற்கு என் மதிப்பெண் பத்துக்கு நாலு. ஆமாம், மேலே இவ்வளவு புகழ்ந்துவிட்டுத்தான் சொல்கிறேன். 350 ரூபாய் ரசீது இன்னும் சட்டைப் பையில் இருக்கிறது.

நண்பரின் மனைவிக்கு: இதே அளவில் டைப்-சி சாக்கெட் உள்ள எதையாவது வாங்கட்டும், கம்பெனி எதுவாக இருந்தாலும் சரி. பேட்டரி இல்லாத பேனா, விகிதத்தைப் பூட்டும் வசதி இரண்டும் இருக்க வேண்டும். டிரைவரை இங்கேயே நிறுவி, புள்ளி விழுகிறதா என்று "வட்டம்" எழுதிப் பார்த்துவிட்டுக் கிளம்பட்டும். உதிரி முனை ஐந்து, உதிரி கேபிள் ஒன்று, கட்டம் போட்ட தாள். மூன்று மாதம்தானே என்று ஒரே கேபிளோடு போக வேண்டாம்.

நண்பர் என்னுடையதை விலைக்குக் கேட்டார். தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.