கப்பிக் குட்டிகளுக்கு பிரீடிங் பாக்ஸா, தனித்தொட்டியா?

கப்பி என்பது முட்டையிடாமல் நேராகக் குட்டி போடுகிற சின்னத் தொட்டி மீன். அது குட்டி போட்டுவிட்டால் நமக்கு இருக்கிற வழி மூன்றுதான். பெரிய தொட்டியிலேயே செடிகளுக்குள் விட்டுவிடலாம், அதே தொட்டியில் பிரீடிங் பாக்ஸ் (குட்டிகளைப் பிரித்து வைக்கிற சின்னப் பெட்டி) மாட்டி அதற்குள் போடலாம், இல்லையென்றால் தனித்தொட்டி வைக்கலாம். நான் தனித்தொட்டிக் கட்சி. மற்ற இரண்டையும் செய்து பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்து சேர்ந்தேன், அதனால் சாய்வு இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செடிக்குள் விடுவது சோம்பேறி வழி என்பார்கள், எனக்கு அதில் பெரிய புகார் இல்லை. பெற்ற தாயே தின்னும் இனம் இது, ஜாவா மாஸ் (நீரில் வளரும் பாசிபோன்ற செடி) அடர்த்தியாக இருந்தால் சில தப்பிக்கும், மற்றவை போய்விடும். கப்பி ஏறக்குறைய மாதம் ஒரு முறை குட்டி போடும், ஒரே முறை ஆணுடன் சேர்ந்த பெண் அந்த விந்தைச் சேமித்து வைத்து அடுத்தடுத்த மாதங்களுக்கும் பயன்படுத்தும். அத்தனையையும் காப்பாற்றினால் வைக்க இடம் எங்கே? நாலு குட்டி போதும் என்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எல்லாம் வேண்டும் என்பவர்களுக்குத்தான் பாக்ஸா தொட்டியா என்ற கேள்வி. இடம், இன்னொரு ஹீட்டர், இன்னொரு பிளக் பாயின்ட் என்று கணக்குப் போட்டால் பாக்ஸ்தான் ஜெயிக்கும். தண்ணீரும் பழகிய தண்ணீர், ஃபில்டரும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பது. முதல் ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது.

சிக்கல் தீனியில் ஆரம்பிக்கிறது. குட்டிகளுக்கு வயிறு சின்னது, நாளுக்கு மூன்று நாலு முறை கொஞ்சம் கொஞ்சமாகப் போடவேண்டும். நுணுக்கிய ஃபிளேக் (செதில்போன்ற உலர்தீனி), முடிந்தால் அன்றன்று முட்டையிலிருந்து பொரிக்கவைத்த ஆர்ட்டீமியா என்ற பொடி இறால். நாம் எவ்வளவு பார்த்துப் போட்டாலும் கொஞ்சம் மிஞ்சும். பிளாஸ்டிக் பாக்ஸில் தண்ணீர் போக வர அந்தச் சின்னச் சின்னக் கீறல்கள்தான் வழி, மிஞ்சிய தூள் மூலையில் போய் உட்காரும், இரண்டாம் நாள் பார்த்தால் அதன்மேல் வெள்ளைப் பஞ்சுபோலப் பூஞ்சை. வெளியே இருக்கிற ஃபில்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்த மூலையை எட்டாது. வலைப் பெட்டி பரவாயில்லை, ஆனால் வலைக் கண்ணில் பாசி பிடித்தால் அதுவும் அடைத்துக்கொள்ளும், போதாததற்குப் பெரிய மீன்கள் கீழேயிருந்து வலையைக் கொத்திக்கொண்டே இருக்கும். ஏர் பம்ப் வைத்துத் தண்ணீரை உள்ளே ஏற்றிவிடுகிற பாக்ஸ் இரண்டையும்விட மேல். எதுவானாலும் டிராப்பரால் அழுக்கை உறிஞ்சப் போனால் அந்த இத்தனூண்டு இடத்தில் குட்டிகள் மிரண்டு சுவரில் முட்டும். வேலை மிச்சம் என்று நினைத்துத்தான் பாக்ஸ் வாங்குகிறோம், பராமரிப்பில் அதுதான் அதிக வேலை வாங்குகிறது.

தனித்தொட்டியில் இது ஐந்து நிமிஷ வேலை. இருபது முப்பது லிட்டர் போதும், அடியில் மணல், கல் எதுவும் வேண்டாம், ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டர் (ஏர் பம்ப்பில் ஓடும் பஞ்சு வடிகட்டி), ஒரு கொத்து மாஸ், அவ்வளவுதான். ஸ்பான்ஜ் குட்டிகளை உள்ளே இழுக்காது. வெறும் கண்ணாடித் தரையில் அழுக்கு தனியாகத் தெரியும், ஏர் டியூபை ஒரு குச்சியில் கட்டி அதன் மேலாகவே நகர்த்தினால் தண்ணீரோடு உறிஞ்சப்பட்டுக் கீழே வைத்த வாளியில் இறங்கிவிடும். இறங்குகிற வாளி மட்டும் வெள்ளையாக இருக்கட்டும். எப்படியும் ஒன்றிரண்டு குட்டி டியூபோடு வந்துவிடும், வெள்ளை வாளியில் அந்த இரண்டு கறுப்புக் கண் பளிச்சென்று தெரியும், ஒரு சின்னக் கப்பில் மொண்டு திரும்ப விட்டுவிடலாம்.

எடுத்த தண்ணீருக்கு ஈடாகப் பெரிய தொட்டித் தண்ணீரையே ஊற்றுங்கள் (அங்கே நோய் எதுவும் இல்லையென்றால்). குளோரின் கவலை இல்லை, வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும், குட்டிகள் கடைசியில் போய்ச் சேரப்போகிற தண்ணீரிலேயே வளரும். ஒன்றுதான் கவனிக்கவேண்டும்: புது ஸ்பான்ஜில் மீன் கழிவைச் சிதைக்கிற பாக்டீரியா நிலைக்கவே நாலைந்து வாரம் ஆகும், அதுவரை அந்தக் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியா ஏறும். ஆகவே அந்த ஸ்பான்ஜைக் குட்டி பிறக்கும் முன்பே பெரிய தொட்டியில் போட்டு ஓடவிட்டு வையுங்கள்.

சரி, எப்போது பெரியவர்களோடு சேர்ப்பது? வயதைப் பார்க்கவேண்டாம், பெரிய தொட்டியில் இருப்பதிலேயே பெரிய வாய் எதுவோ அதற்குள் போகாத அளவு வளர்ந்திருக்கவேண்டும். கப்பிக் கூட்டம் மட்டும் என்றால் ஒன்றரை சென்டிமீட்டர் தாண்டினால் போதும், அதற்குச் சாதாரணமாக ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். பாக்ஸில் அதுவரை தாக்குப்பிடிக்காது, நெரிசலில் வளர்ச்சி நின்றுவிடும், நமக்கும் பொறுமை போய்ச் சீக்கிரமே திறந்துவிடத் தோன்றும். பாக்ஸில் இருந்தால் பெரிய மீன்கள் தினமும் பார்த்துப் பழகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை, வாய்க்குள் போகிற அளவில் இருந்தால் பழகியதாவது பழகாததாவது.

விடுகிற நாளில் பெரியவர்களுக்கு முதலில் வயிறு நிறையப் போடுங்கள். கல், கட்டைகளை இடம் மாற்றி வைத்தால் பழைய எல்லைச் சண்டை கொஞ்சம் குழம்பும். விளக்கை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் விடுங்கள், ஒவ்வொன்றாக விட்டால் துரத்தல் முழுக்க அந்த ஒன்றின்மேல்தான். வளர்ச்சியில் பின்தங்கியவை இன்னும் இரண்டு வாரம் இருக்கட்டும். அப்புறம், நாலு வாரத்திலிருந்தே அடித்துடுப்பை (வயிற்றுக்குக் கீழே, பின்பக்கம் இருப்பது) கவனியுங்கள்: குச்சிபோல ஒடுங்கினால் ஆண், உடனே பிரித்துவிடவேண்டும், இல்லையென்றால் சேர்ப்பதற்கு முன்னாலேயே அடுத்த தலைமுறைக்கு வழி பிறந்துவிடும்.

இதெல்லாம் குட்டி போடும் வகைகளுக்குத்தான். முட்டையிடுகிற மீன்களை நான் வளர்த்ததில்லை, அவற்றின் குஞ்சுகள் இன்னும் பொடி, முதல் தீனியே வேறு. பெரிய தொட்டியில் ஏஞ்சல் மீன்கள் இருந்தால் எந்த அளவிலும் சேர்க்கவேண்டாம். வளர்ந்த ஆண் கப்பியின் வாலையே பிய்த்துவிடும், அந்த வீட்டில் தனித்தொட்டியே கப்பிகளின் நிரந்தரத் தொட்டியாக இருந்துவிட்டுப் போகட்டும்.