வரிப் படிவங்களுக்குக் கருத்துக் கேட்கும் அமெரிக்க நோட்டீஸ்: எங்கே உதவுகிறது, எங்கே காலை வாருகிறது

நோட்டீஸ் என்றாலே வயிற்றில் புளி கரையும். அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ் பெயரில் வந்தால் கேட்கவே வேண்டாம். இங்கே பார்க்கப்போவது கணக்கு ஒத்துப்போகவில்லை என்று தபாலில் வரும் சிபி2000 போன்ற கடிதமல்ல. அதற்குக் கெடுவுக்குள் பதில் போட்டே ஆக வேண்டும். இது அமெரிக்க அரசிதழான ஃபெடரல் ரெஜிஸ்டரில் வெளியாகும் பொது அறிவிப்பு: "இந்தப் படிவத்தை இன்னும் சில ஆண்டுகளுக்கு வைத்துக்கொள்ளப் போகிறோம், நிரப்ப இவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறோம், உங்கள் கருத்து என்ன?" பதில் போடாவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. அதனாலேயே யாரும் போடுவதில்லை. ஆனால் வரி செலுத்தும் எவரும், குடியுரிமை இருந்தாலும் இல்லாவிட்டாலும், வக்கீலோ ஆடிட்டரோ இல்லாமல், ஒரு காசு செலவில்லாமல் படிவத்தின் வரிகளைப் பற்றிப் பேச இருக்கும் வாசல் இது. அந்த வகையில் இதையும் ஒரு சேவையாகவே எடைபோடலாம்.

பின்னணி சுருக்கமாக. 1980இல் இயற்றி 1995இல் திருத்திய காகிதவேலைக் குறைப்புச் சட்டப்படி, பத்துப் பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்களிடம் ஒரே கேள்விகளைக் கேட்கும் எந்த மத்திய அரசு அலுவலகமும் வெள்ளை மாளிகையின் கீழுள்ள மேலாண்மை, பட்ஜெட் அலுவலகமான ஓஎம்பியிடம் ஒப்புதல் எண் வாங்க வேண்டும். தனிநபர் வருமான வரித் தாக்கலுக்கான 1040 படிவத்தின் தலைப்பகுதியில் இருக்கும் 1545-0074 அதுதான். 1545 என்று தொடங்கினால் ஐஆர்எஸ், 1506 என்றால் கருவூலத்தின் நிதிக் குற்றத் தடுப்புப் பிரிவான ஃபின்சென். ஒப்புதல் அதிகபட்சம் மூன்றாண்டு. புதுப்பிக்கும்போதெல்லாம் இரண்டு முறை பொதுமக்களைக் கேட்க வேண்டும்: முதலில் அந்தந்த அலுவலகமே 60 நாள், பிறகு கோப்பு ஓஎம்பிக்குப் போகும்போது 30 நாள்.

ஃபெடரல் ரெஜிஸ்டர் தளத்துக்குத் தாராளமாக மதிப்பெண் கொடுக்கலாம். அரசுத் தளம் என்ற நினைப்பே வராத அளவுக்கு வேகம், தேடல் சுத்தம். வேலை நாட்களில் கிழக்கு நேரம் காலை 8:45க்கு மறுநாள் இதழில் வரப்போகும் ஆவணங்களை முன்கூட்டியே பார்வைக்கு வைத்துவிடுகிறார்கள். அலுவலக வாரியாக மின்னஞ்சல் சந்தா உண்டு, இலவசம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: படிவத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் நூற்றுக்கணக்கில் கொட்டும். ஒப்புதல் எண்ணை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால் அந்தப் படிவத்தின் பழைய நோட்டீஸ்கள் வரிசையாக வந்து நிற்கும். மூன்றாண்டுக்கு முன் சொன்ன மணிக்கணக்கையும் இன்று சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

சிக்கல் நோட்டீஸின் உள்ளே. ஒன்றிரண்டு பக்கம்தான், எல்லாம் ஒரே அச்சு. தலைப்பு, ஒப்புதல் எண், படிவ எண், சுருக்கம், "தற்போதைய நடவடிக்கை", யாரைப் பாதிக்கும், எத்தனை பேர், ஒருவருக்கு எவ்வளவு நேரம், மொத்த ஆண்டு மணிநேரம். பலரும் ஏமாறுவது "தற்போதைய நடவடிக்கை" என்ற இடத்தில். "படிவத்தில் மாற்றம் எதுவும் இல்லை, இருக்கும் ஒப்புதலின் நீட்டிப்பு" என்று அங்கே எழுதியிருக்கும். சரி, சொல்ல ஒன்றுமில்லை போலும் என்று மூடிவிடுகிறார்கள். உண்மையில் அதிகம் சொல்ல வேண்டியது அங்கேதான். படிவம் மாறாமல் இருக்கலாம். அதைச் சுற்றியுள்ள மென்பொருள், வங்கி அறிக்கைகள், கேட்கப்படும் ஆதாரங்கள் எல்லாம் மாறியிருக்கும். நேரக் கணக்கு மட்டும் பழைய கோப்பிலிருந்து அப்படியே இறங்கியிருக்கும்.

அந்தக் கணக்கைச் சரிபார்க்கக் கால்குலேட்டர் போதும். பேர் எண்ணிக்கை, ஆண்டுக்கு எத்தனை முறை, ஒரு முறைக்கு எவ்வளவு நேரம், மூன்றையும் பெருக்கினால் மொத்தம். பத்தாயிரம் பேர், ஆண்டுக்கு நான்கு முறை, முறைக்கு அரை மணி என்றால் 20,000 மணி நேரம். காலாண்டுப் படிவம் ஒன்றுக்கு மொத்தம் 5,000 என்று போட்டிருந்தால், எங்கோ ஆண்டுக்கு ஒரு முறை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இன்னொரு பிசகு சராசரியில் ஒளிந்திருக்கும். 1040 தொகுப்புக்கு ஐஆர்எஸ் தன் வழிகாட்டியில் அண்மை ஆண்டுகளில் சொல்லும் சராசரி சுமார் 13 மணி நேரம். அதில் கிட்டத்தட்டப் பாதி ரசீது, கணக்கு பராமரிப்புக்கே போகிறது. ஒரே ஒரு டபிள்யூ-2 (சம்பளச் சான்று) வைத்திருப்பவரும், வாடகை வீடு, வெளிநாட்டுக் கணக்கு, சொந்தத் தொழில் எல்லாம் உள்ளவரும் இதே சராசரிக்குள் அடக்கம். தவிர 1545-0074 என்ற ஓர் எண்ணின் கீழ் ஏகப்பட்ட துணைப் படிவங்களும் வருகின்றன. மொத்தச் சராசரியைக் குறை சொல்லி எழுதினால் பிடி கிடைக்காது. ஒரு துணைப் படிவத்தின் ஒரு வரியைப் பிடித்து எழுதினால்தான் பிடி கிடைக்கும்.

இந்தச் சேவையின் ஆகப்பெரிய குறை, கருத்துக் கேட்கும் காகிதத்தோடு படிவத்தை வைக்காதது. நகல் வேண்டுமென்றால் குறிப்பிட்ட அலுவலரைத் தொடர்புகொள்ளுங்கள் என்பார்கள். கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்தின் பெயரை விட்டுவிட்டு, விசாரித்து வாருங்கள் என்பது போல. இதற்கு மாற்றுவழி, ஓஎம்பிக்குப் போகும் கோப்புகள் ஏறும் ரெஜ்இன்ஃபோ தளம். அங்கே ஒப்புதல் எண்ணைப் போட்டால் போன முறை சமர்ப்பித்த முழுக் கோப்பும் கிடைக்கும்: படிவம், வழிகாட்டி, கூடவே "ஆதரவு அறிக்கை". இந்த ஆதரவு அறிக்கைதான் அசல் சரக்கு. அதன் முதல் பகுதியில் 18 கேள்விகள். எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். 12ஆவது மணிக்கணக்கு எப்படி வந்தது என்று சொல்லும், 13ஆவது கைக்காசுச் செலவு, 15ஆவது போன முறைக்கும் இந்த முறைக்கும் கணக்கு ஏன் மாறியது. 8ஆவது கேள்விக்கான பதிலைக் கட்டாயம் பாருங்கள். வெளியாட்களைக் கலந்தீர்களா, 60 நாள் நோட்டீஸுக்கு என்ன கருத்து வந்தது, அதற்கு என்ன செய்தீர்கள் என்று அங்கே பதில் சொல்லியாக வேண்டும். "கருத்து எதுவும் வரவில்லை" என்ற ஒற்றை வரி அங்கே அடிக்கடி தென்படும். யாருமே எழுதாத இடத்தில் ஒருவர் உருப்படியாக எழுதினால், அதைச் சுருக்கிப் பதிலோடு கோப்பில் சேர்க்க வேண்டிவரும். இதன் மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

ரெஜ்இன்ஃபோ தளத்தின் தோற்றம் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பத்துப் பதினைந்தாண்டு பழைய சாயல், பக்கத்துக்குப் பக்கம் சுருக்கெழுத்து. ஆனால் ஆவணங்கள் உண்மையாகவே உள்ளே இருக்கின்றன. அழகான முகப்புக்குப் பின்னால் வெறும் அலமாரி வைத்திருக்கும் தளங்களைவிட இது மேல்.

கருத்து அனுப்பும் இடத்தில்தான் கால் இடறும். 60 நாள் நோட்டீஸ் என்றால் பதில் அந்த அலுவலகத்துக்கு. ஐஆர்எஸ் என்றால் நோட்டீஸில் கொடுத்திருக்கும் மின்னஞ்சலுக்கு, பொருள் வரியில் ஒப்புதல் எண்ணோடு. எண் இல்லாமல் போகும் அஞ்சல் எந்தக் கோப்பில் சேருமோ தெரியாது. ஃபின்சென் நோட்டீஸ் என்றால் ரெகுலேஷன்ஸ் டாட் கவ் தளத்தில் அதற்கென்று தனி டாக்கெட் (கோப்பு) இருக்கும். 30 நாள் நோட்டீஸ் வந்துவிட்டால் கதை மாறுகிறது. அப்போது முடிவு ஓஎம்பி கையில், கருத்தும் ரெஜ்இன்ஃபோவில் "30 நாள் பரிசீலனையில் உள்ளவை" பட்டியலில் படிவத்தைத் தேடி அங்கேதான் போட வேண்டும். அதை விட்டுவிட்டு ஐஆர்எஸ்ஸுக்கே மறுபடி அனுப்புவது, கோப்பு மேலிடத்துக்குப் போன பிறகு கீழ் மேசையில் மனு கொடுப்பது மாதிரி. கெடு நாட்காட்டி நாட்கணக்கு. நோட்டீஸின் "தேதிகள்" பகுதியில் கடைசி நாள் அச்சாகியிருக்கும், சனி ஞாயிறைக் கழித்து நீங்களாகக் கணக்குப் போட வேண்டாம்.

எதைப் பற்றி எழுதலாம் என்பதையும் நோட்டீஸே ஐந்தாகப் பிரித்துச் சொல்கிறது: இந்தத் தகவல் தேவையா, நேரக் கணக்கு சரியா, கேள்விகளைத் தெளிவாக்க என்ன செய்யலாம், சுமையைக் குறைக்க வழி என்ன, தொடக்கச் செலவும் பராமரிப்புச் செலவும் எவ்வளவு. இந்த ஐந்தில் எதற்குப் பதில் சொல்கிறோம் என்று முதல் வரியிலேயே போட்டுவிட்டால் படிப்பவருக்கு வேலை மிச்சம்.

வெளிநாட்டில் வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்கள் அறிந்த உதாரணத்தையே எடுப்போம். அமெரிக்காவில் வசிப்பவரின் வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாம் சேர்த்து ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் என்ற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கை. அமெரிக்காவில் இருந்து தனியாகத் தாக்கல் செய்பவருக்கு ஆண்டின் கடைசி நாளில் 50,000 அல்லது இடையில் எப்போதாவது 75,000 டாலரைத் தாண்டினால் வெளிநாட்டு நிதிச் சொத்துகளுக்கான 8938 படிவம். இரண்டும் அதே கணக்கின் உச்ச இருப்பைக் கேட்கின்றன, இரண்டுக்கும் கருவூலத்தின் ஆண்டிறுதி மாற்று விகிதமே. ஆனால் 8938 போவது 1040உடன் ஐஆர்எஸ்ஸுக்கு, எஃப்பார் தனித் தளத்தில் ஃபின்சென்னுக்கு. "ஒரே விஷயத்தை இரண்டு தடவை கேட்கிறீர்கள், ஒன்றை நிறுத்துங்கள்" என்று எழுதினால் எடுபடாது. இரண்டும் வெவ்வேறு சட்டத்திலிருந்து வருபவை, படிவத் துறை நினைத்தால் நிறுத்த முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "ஆறு கணக்கு உள்ள ஒருவருக்கு ஒவ்வொரு மாத அறிக்கையையும் புரட்டி உச்ச இருப்பைக் கண்டுபிடிக்கக் கணக்குக்கு 20 நிமிடம், ஆக இரண்டு மணி நேரம். உங்கள் மதிப்பீட்டில் இந்தத் தேடும் நேரம் இருக்கிறதா? ஒரு படிவத்துக்காகக் கண்டுபிடித்த உச்ச இருப்பை மற்றதிலும் அப்படியே எடுத்துப் போடலாமா என்று வழிகாட்டியில் ஒரு வரி சேர்த்தால் இது பாதியாகும்." எண், இடம், தீர்வு மூன்றும் இருக்கின்றன. படிவம் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அலுவலகம் என்பதால், இதை இரண்டு நோட்டீஸுக்கும் தனித்தனியாகவே அனுப்ப வேண்டும்.

கழித்துக்கட்டப்படும் கருத்துகளையும் சொல்லிவிடலாம். வரி விகிதம் அதிகம் என்பது காங்கிரசுக்குச் சொல்ல வேண்டியது. ரீஃபண்ட் இன்னும் வரவில்லை என்பதை இங்கே எழுதி ஒரு பயனும் இல்லை. சொந்த விவரத்தோடு எழுதுவது எல்லாவற்றையும்விட ஆபத்து: வரும் கருத்து முழுவதும் பொதுப் பதிவாகும் என்று நோட்டீஸே சொல்கிறது. சமூகப் பாதுகாப்பு எண், கணக்கு எண், பழைய ரிட்டர்னின் நகல் எதையும் இணைக்காதீர்கள்.

வார்த்தை குழப்பமாக இருக்கிறது என்பது மட்டுமே உங்கள் குறை என்றால் இந்த நோட்டீஸுக்காகக் காத்திருக்கவே வேண்டாம். ஐஆர்எஸ் தன் தளத்தில் வரவிருக்கும் ஆண்டுக்கான வரைவுப் படிவங்களை "தாக்கல் செய்யாதீர்" என்ற முத்திரையோடு முன்னதாகவே போடுகிறது. படிவங்களைப் பற்றிக் கருத்துச் சொல்லத் தனிப் பக்கமும் ஆண்டு முழுவதும் திறந்திருக்கிறது. ஒரு வரியின் சொல்லை மாற்ற அது போதும். நேரக் கணக்கையும் தேவையையும் கேள்வி கேட்கத்தான் நோட்டீஸ்.

இன்னொன்று. ஒப்புதல் எண் இல்லாத படிவத்தை நிரப்பாததற்குத் தண்டனை இல்லை என்று இதே சட்டம் சொல்வதை வைத்து, வரியே கட்ட வேண்டாம் என்று வீடியோ போடுபவர்கள் இருக்கிறார்கள். வரி கட்டும் கடமை சட்டத்திலிருந்து வருகிறது, படிவத்திலிருந்தல்ல என்று நீதிமன்றங்கள் சொல்லியாயிற்று. ஐஆர்எஸ்ஸும் இதை அற்பவாதங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. அந்தப் பக்கம் போகாதீர்கள்.

அனுப்பிய பிறகு தனிப்பதில் எதிர்பார்க்க வேண்டாம். கோப்பு ஓஎம்பிக்குப் போனதும் மேற்சொன்ன 8ஆவது கேள்வியில் உங்கள் கருத்து தலைகாட்டுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 30 நாள் வாய்ப்பில் அதையே சுட்டிக்காட்டி எழுதுங்கள். "அன்று அனுப்பினோம், அறிக்கையில் காணோம்" என்ற வாக்கியத்தை ஓஎம்பி மேசையில் இருப்பவர் கடந்துபோவது கடினம். கோப்பு வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் அவர்கள் முடிவெடுக்க வேண்டும். முடிவு ரெஜ்இன்ஃபோவில் "நடவடிக்கை அறிவிப்பு" என்ற பெயரில் ஏறும், நிபந்தனை ஏதும் போட்டிருந்தால் அதிலேயே இருக்கும். அவசர ஒப்புதல் என்று குறித்திருந்தால் ஆயுள் ஆறு மாதம்தான். அதற்குள் முழு நோட்டீஸ் சுற்று மறுபடி வரும்.

ஐஆர்எஸ் படிவங்களில் பெரும்பாலும் ஒப்புதலின் காலாவதித் தேதி அச்சாவதில்லை. ரெஜ்இன்ஃபோவில் எண்ணைப் போட்டுத் தேதியைக் குறித்துக்கொண்டு, அதற்கு எட்டு மாதம் முன்பிருந்தே ஃபெடரல் ரெஜிஸ்டர் சந்தாவைத் திறந்து வையுங்கள்.