உளுந்தூர்பேட்டை பக்கம் ஒரு ராத்திரி டீக்கடை: 108 வண்டியில் வேலை பார்க்கும் ஒருத்தியின் விமர்சனம்

உளுந்தூர்பேட்டையைத் தாண்டித் திருச்சி பக்கம் போகும்போது, நாற்கரச் சாலைக்கு இடதுபுறம், சர்வீஸ் ரோட்டை ஒட்டி ஒரு வேப்பமரத்தடியில் டீக்கடை ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. தகரக் கூரை, இரண்டு பெஞ்சு, ஒரு பித்தளை பாய்லர், ஒரு டியூப்லைட், அவ்வளவுதான். காரில் விரைந்து போகிறவர்கள் கண்ணில் இது படாது. எங்களைப் போல ராத்திரி முழுக்க அந்த ரோட்டிலேயே கிடக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல கடை அந்தப் பக்கத்தில் இல்லை என்பது என் கருத்து, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் 108 ஆம்புலன்ஸில் ஈஎம்டி, அதாவது வண்டியிலேயே நோயாளிக்கு அவசர சிகிச்சை கொடுக்கிறவள். வண்டியில் நாங்கள் இரண்டு பேர்தான், நானும் பைலட் அண்ணனும். எங்கள் சர்வீஸில் ஓட்டுநரைப் பைலட் என்றுதான் சொல்வோம். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய சேவை இது, இப்போது மாநிலம் முழுக்க 1,300க்கும் மேல் வண்டிகள் ஓடுகின்றன. ஒவ்வொரு வண்டி நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலும் இப்படி ஒரு டீக்கடை இருக்கும் என்று நினைக்கிறேன், இருக்க வேண்டும் என்றும் ஆசைப்படுகிறேன்.

முதலில் டீ. பால் பக்கத்து ஊரிலிருந்து கறந்தபடி வருகிறது, தண்ணீர் கலக்காத பால். டிகாஷனைக் கடைக்கார அண்ணன் ராத்திரி பதினொன்றுக்கு ஒரு முறை, விடியற்காலை மூன்றுக்கு ஒரு முறை புதிதாகப் போடுகிறார். சாயங்காலம் போட்டதையே திரும்பத் திரும்பக் காய்ச்சிக் கசப்பாக ஊற்றுகிற வேலை இங்கே இல்லை. குளிர் நாளில் கேட்காமலே இஞ்சி தட்டிப் போடுவார். ஜீனி கம்மி என்றால் நிஜமாகவே கம்மியாக இருக்கும். விலை பன்னிரண்டு ரூபாய். இந்த ரோட்டில் இதே டீயை இருபத்தைந்து ரூபாய்க்குப் பேப்பர் கப்பில் வாங்கிக் குடித்திருக்கிறேன், பாதி ருசிகூடக் கிடையாது.

எங்களுக்கு மட்டும் டீ வேறு மாதிரி வரும். முழு டம்ளர் கொடுக்க மாட்டார், அரை டம்ளராக இரண்டு தடவை தருவார். ஏன் என்று ஒருநாள் கேட்டதற்கு, "முழுசா ஊத்துனா ஆறுறதுக்குள்ள உங்களுக்கு போன் வந்துடுதும்மா, அரைன்னா நாலு வாய்ல முடிச்சிடலாம்ல" என்றார். யாரும் அவரிடம் சொன்னதில்லை, எங்களைப் பார்த்துப் பார்த்து அவராகவே கண்டுபிடித்தது. டீயைச் சூடாகக் கடைசிச் சொட்டு வரை குடித்து முடிப்பது எங்கள் வேலையில் எவ்வளவு பெரிய சந்தோஷம் என்பது இந்த வேலையில் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். எத்தனையோ ஷிஃப்டில் முதல் வாய் குடித்ததோடு டம்ளரை பெஞ்சில் வைத்துவிட்டு ஓடியிருக்கிறோம். அப்படி விட்டுப் போன டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்று அவர் நிற்க, கொடுக்காமல் குடிக்க மாட்டோம் என்று பைலட் அண்ணன் நிற்க, கடைசியில் ஒரு நோட்டுப் போட்டு, குடித்து முடித்த டீ மட்டும் கணக்கில் ஏறும், வாரத்துக்கு ஒருமுறை தீர்த்துவிடுவது என்று முடிவானது.

வடையைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். பருப்பு வடை சாயங்காலம் நாலிலிருந்து ஆறரைக்குள் போனால் அருமை. சோம்பும் கறிவேப்பிலையும் தாராளமாகப் போட்டு, ஓரம் மொறுமொறுவென்று இருக்கும். வாழை இலைத் துண்டில் வைத்துத் தருவார், அச்சடித்த பேப்பரில் எண்ணெயோடு சுற்றித் தருகிற பழக்கம் அந்தக் கடையில் கிடையாது, அது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். ஆனால் ராத்திரி ஒன்பதுக்கு மேல் மிஞ்சின வடையை மறுபடியும் எண்ணெயில் போட்டு எடுத்து வைக்கிறார்கள். அதைச் சாப்பிடாதீர்கள், நெஞ்சைக் கரிக்கும். நானே கடைக்கார அக்காவிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டேன். சொன்ன பிறகும் நடக்கிறது என்பதால் இங்கேயும் எழுதுகிறேன். ராத்திரியில் பசித்தால் பன்னும் டீயும் போதும், இல்லையென்றால் விடியற்காலை நாலரைக்கு அக்கா இட்லி ஊற்றுவார், தொட்டுக்கொள்ளக் காரச் சட்னி. அந்த இட்லிக்காகவே நைட் ஷிஃப்ட்டைக் கேட்டு வாங்கிக்கொள்கிற பைலட் ஒருவர் எங்களில் இருக்கிறார்.

டீயும் வடையும் எப்படியும் ஏதோ ஒரு கடையில் கிடைத்துவிடும். இந்தக் கடையை நான் இவ்வளவு தூக்கி வைத்துப் பேசுவதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன.

ஒன்று கழிவறை. ஈஎம்டி வேலையில் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறோம். ராத்திரி இரண்டு மணிக்கு நெடுஞ்சாலையில் ஒரு பெண் எங்கே போவாள் என்பதை யாரும் யோசிப்பதில்லை. முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் பக்கத்திலிருந்த ஒரு பெட்ரோல் பங்கில் கழிவறையை ராத்திரியில் பூட்டிவிடுவார்கள், சாவி கேட்டால் ஆள் இல்லை என்பார்கள். அதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் ஷிஃப்ட்டை ஓட்டுவோம், அப்புறம் நீர்க்கடுப்பு வந்து அவதிப்படுவோம். இந்தக் கடைக்குப் பின்னாலேயே அண்ணன், அக்கா வீடு. கழிவறைச் சாவி கல்லாவுக்கு மேலே ஆணியில் தொங்கும். கேட்க வேண்டியதே இல்லை, எடுத்துக்கொண்டு போகலாம். உள்ளே விளக்கு எரியும், கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு, வாளியில் தண்ணீர் இருக்கும், தினமும் கழுவியிருப்பார்கள். "நம்ம வீட்டுப் புள்ளைங்க ராத்திரில ரோட்டுல நிக்குதுங்க, இதுகூடச் செய்யலன்னா எப்படி" என்று அக்கா ஒருமுறை யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. லாரி ஓட்டுநர்களுக்கு, பைக்கில் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு, எல்லோருக்கும் அதே சாவிதான்.

இன்னொன்று குழாயடி. ரோடு விபத்துக் கேஸ் முடித்துவிட்டு வருகிற நேரம் சாதாரணமாக இருக்காது. கையுறை போட்டிருந்தாலும், மருத்துவமனையிலேயே ஒருமுறை கழுவிவிட்டு வந்திருந்தாலும், இன்னொரு தடவை சோப்புப் போட்டுக் கழுவினால்தான் மனசு அடங்கும். வண்டி திரும்பி வருவதைப் பார்த்ததுமே அண்ணன் பாய்லரிலிருந்து இரண்டு சொம்பு வெந்நீர் எடுத்து வாளியில் கலந்து வைத்துவிடுவார். சோப்பு புதிதாக இருக்கும். என்ன கேஸ், எத்தனை பேர், பிழைத்தாரா என்று அவர் ஒருபோதும் கேட்டதில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் யாராவது கேட்டாலும், "அவங்க மொதல்ல டீ குடிக்கட்டும்யா" என்று சொல்லிவிடுவார். நாங்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்வார், சொல்லாவிட்டால் பாலைக் கிண்டிக்கொண்டு நிற்பார். இந்த ஒரு விஷயத்துக்காக நான் அவருக்கு எவ்வளவு வேண்டுமானாலும் நன்றி சொல்வேன்.

அப்புறம், இந்தக் கடையிலிருந்து 108க்கு வருகிற அழைப்பு மாதிரித் தெளிவான அழைப்பை நான் பார்த்ததில்லை. நாற்கரச் சாலையில் விபத்து என்றால் எங்களுக்கு முதலில் தெரிய வேண்டியது அது சென்னை போகிற பக்கமா, திருச்சி போகிற பக்கமா என்பதுதான். நடுவில் தடுப்பு இருக்கிறது. பக்கம் மாறிப்போனால், அடிபட்டவர் எதிரே கண்ணுக்குத் தெரியக் கிடந்தாலும் அடுத்த திறப்பு வரை போய்த் திரும்பி வர வேண்டும். பதற்றத்தில் இருக்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அண்ணன் போன் செய்தால் எந்தப் பக்கம், கிலோமீட்டர் கல்லில் என்ன எண், எத்தனை பேர், யாராவது வண்டிக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறார்களா, எல்லாம் வரிசையாகச் சொல்லிவிடுவார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் கடைப் பையனை டார்ச்சோடு ரோட்டோரம் நிறுத்தியிருப்பார். முக்கியமாக, அடிபட்டவர் வாயில் யாரும் சோடாவோ தண்ணீரோ ஊற்றாமல் பார்த்துக்கொள்வார். நல்ல எண்ணத்தில்தான் ஊற்றுகிறார்கள், ஆனால் நினைவில்லாதவருக்கு அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பைலட் அண்ணன் ஒரு தடவை சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டார், இப்போது கடைக்கு வருகிற லாரிக்காரர்களுக்கெல்லாம் அவரே சொல்லித் தருகிறார். அழுதுகொண்டு வருகிற சொந்தக்காரர்களிடம், முதல் 48 மணி நேரத்துக்குச் சிகிச்சைச் செலவை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும், பயப்படாமல் போங்கள் என்று இன்னுயிர் காப்போம் திட்டத்தைப் பற்றியும் சொல்வார். 2021 டிசம்பரில் வந்த திட்டம் அது, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் ஒரு வரம்பு வரை செலவை அரசே ஏற்கிறது. இன்னமும் நிறையப் பேருக்குத் தெரியாது.

இந்த வேலையில் எல்லாம் துக்கம்தான் என்று வெளியில் இருக்கிறவர்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பிரசவக் கேஸ் எடுத்துக்கொண்டு கிராமத்து ரோட்டில் வரும்போது, இனி மருத்துவமனை வரை தாங்காது என்று தெரிந்து ஏரிக்கரையில் வண்டியை ஓரங்கட்டி, குழந்தை வெளியே வந்ததும் துடைத்து அம்மா நெஞ்சின் மேல் போட்டு, துணியால் மூடி, தொப்புள்கொடியில் இரண்டு இடத்தில் கிளிப் போட்டு நடுவில் வெட்டுகிற அந்த நேரத்தில் குழந்தை வீரிட்டு அழுமே, அந்த அழுகைக்கு ஈடாக நான் எதையும் கேட்டதில்லை. அப்படிப் பிறந்த ஒரு குழந்தையின் அப்பா, எங்களை எங்கே தேடுவது என்று தெரியாமல், வண்டி வழக்கமாக நிற்கிற இடம் என்று யாரோ சொல்லி இந்தக் கடைக்கு ஜாங்கிரியோடு வந்தார். நாங்கள் அப்போது கேஸில் இருந்தோம். அண்ணன் அவரை உட்கார வைத்து டீ கொடுத்து, நாங்கள் திரும்பி வரும் வரை பேசிக்கொண்டிருந்திருக்கிறார். போனில் இருந்த குழந்தை படத்தைக் கடையில் இருந்த அத்தனை பேரும் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். இன்னொரு பாட்டி, வண்டியை விட்டு இறங்கும்போது முந்தானையிலிருந்து நூறு ரூபாயை எடுத்து என் கையில் திணித்தார். "வேணாம் பாட்டி, இது இலவசம், காசு வாங்கக் கூடாது" என்று மடக்கி மடக்கிச் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அறுவடை சமயத்தில் பேரனிடம் ஒரு பை மல்லாட்டை (நிலக்கடலை) கொடுத்து அனுப்பியிருந்தார், அதுவும் இந்தக் கடைக்குத்தான் வந்தது. அக்கா உப்புப் போட்டு அவித்து, அன்றைக்கு ராத்திரி கடைக்கு வந்த எல்லோருக்கும் கொடுத்தார்.

பெரிய கேஸ்களை முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு வருவோம். திரும்பும்போது சைரன் இல்லை, அவசரம் இல்லை, கண்ணாடியை இறக்கிவிட்டுக் காற்று வாங்கியபடி வருவதே ஒரு சுகம். அந்த நேரத்தில் பைலட் அண்ணன் கேட்கிற ஒரே கேள்வி, "அக்கா இட்லி ஊத்தியிருப்பாங்களா?" என்பதுதான்.

சித்திரை மாதத்தில் கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவின்போது இந்தக் கடையைப் பார்க்க வேண்டும். வெளியூரிலிருந்து வருகிற திருநங்கைகள் நிறையப் பேர் பகலும் இரவுமாக இங்கே நின்று போவார்கள். அக்கா ஒவ்வொருவரையும் வாம்மா என்றுதான் கூப்பிடுவார், அதே சாவி, அதே டீ, அதே விலை. கூட்டம் பார்த்து ஒரு ரூபாய்கூட ஏற்றுவதில்லை.

குறைகளும் இருக்கின்றன. கொசுக்கடி அதிகம், மழைக்காலத்தில் பெஞ்சில் உட்காரவே முடியாது. ஜிபே அட்டை தொங்குகிறது, ஆனால் சிக்னல் சரியாகக் கிடைக்காது, சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். கடைப் பையன் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டால் எங்கள் போன் மணி கேட்காது, அதைச் சொன்ன பிறகு சத்தத்தைக் குறைத்துவிட்டான், ஆனாலும் நாங்கள் இல்லாத நேரத்தில் காது வலிக்கிற அளவுக்கு வைக்கிறான் என்று கேள்வி. காபி சுமார்தான், டீயே சொல்லுங்கள். பார்சல் கேட்டால் பாத்திரமோ பிளாஸ்கோ நீங்கள்தான் கொண்டுவர வேண்டும், 2019இல் தடை வந்ததிலிருந்து சூடான டீயைப் பாலித்தீன் பையில் கட்டித் தருவதை அண்ணன் நிறுத்திவிட்டார். இதைக் குறையாக நான் நினைக்கவில்லை, சிலர் சண்டை போடுகிறார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன்.

அந்தப் பக்கம் ராத்திரியில் கார் ஓட்டிக்கொண்டு போனால், கண் சொக்குகிற நேரத்தில் கட்டாயம் நிறுத்துங்கள். முகம் கழுவத் தண்ணீர் கேட்டாலும் கொடுப்பார்கள், டீ வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. பைலட் அண்ணன் வண்டியை எப்போதும் ரோட்டைப் பார்த்து நிறுத்துவார், அதற்காக வேப்பமரத்துக்கு முன்னால் இரண்டு கல் வைத்து அண்ணன் இடம் ஒதுக்கியிருக்கிறார். எங்கள் வண்டி நின்றாலும் நிற்காவிட்டாலும் அந்த இடத்தில் மட்டும் உங்கள் காரை நிறுத்த வேண்டாம். மரத்துக்கு அந்தப் பக்கம் லாரியே நிறுத்துகிற அளவுக்கு இடம் இருக்கிறது. அமாவாசையன்று கடை லீவு, மற்ற நாளெல்லாம் சாயங்காலம் நாலிலிருந்து காலை எட்டு வரை திறந்திருக்கும்.