எட்டாம் நாள் பிள்ளையின் வலிக்கு எது நல்லது: திராட்சரசமா, களிம்பா, ஊசியா?

யூத வீட்டில் ஆண் குழந்தை பிறந்தால் எட்டாம் நாள் பகலில் பிரித் மிலா, அதாவது ஆண்குறியின் நுனித்தோலை வெட்டி நீக்கும் விருத்தசேதனச் சடங்கு. பிள்ளை, அதை ஏந்தும் மரியாதை பெற்ற சாந்தேக்கின் மடியில் கிடக்கும், கத்தி வெட்டுபவரான மோகேலின் கையில் இருக்கும். கை தேர்ந்த மோகேல் ஒரு நிமிடத்துக்குள் வெட்டி முடித்துவிடுவார். "அதற்குள் முடிந்துவிடுமே, மருந்து எதற்கு?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பது இதனால்தான். ஆனால் எட்டு நாள் பிள்ளைக்கும் வலி வலிதான். வலி நிவாரணம் கொடுத்தே ஆக வேண்டும், இனிப்பும் அணைப்பும் மட்டும் போதாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2012-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது.

காலங்காலமாகக் கொடுப்பது திராட்சரசம்தான். சடங்கு முறைப்படி அந்தத் துளிகள் நாவில் படுவது வெட்டி முடிந்து, பெயர் சூட்டும்போது, "உன் இரத்தத்தில் பிழைத்திரு" என்ற எசேக்கியேல் வசனத்தோடு. அது ஆசீர்வாதத்துக்கு உரியது, அங்கேயே இருக்கட்டும். வெட்டும் முன் சப்பக் கொடுக்க 24 சதவீதச் சர்க்கரைக் கரைசல் மேல். அதில் மது இல்லை, அழுகையும் ஓரளவு தணியும். ஆனால் வெட்டு வலியை அது தடுக்காது.

லிடோகெயின், பிரிலோகெயின் என்ற மரத்துப்போக வைக்கும் மருந்துகள் கலந்த எம்லா களிம்பைப் பல மோகேல்கள் ஏற்கிறார்கள். இதில் குத்தல் இல்லை. ஆனால் சடங்குக்கு ஒரு மணி நேரம் முன்பே பூசி மூடி வைக்க வேண்டும். கடைசி நேரத்தில் அவசரமாகத் தடவினால் ஒரு பயனும் இல்லை. அளவு மிஞ்சினாலும் ஆபத்து: இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறையலாம். பச்சிளங்குழந்தைக்கு ஒரு கிராமுக்கு மேல் கூடாது. குறைமாதப் பிள்ளை என்றால் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

மரத்துப்போகச் செய்வதில் ஊசிதான் முன்னால் நிற்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டாவில் நடந்து 1997-இல் வெளியான ஆய்வில் வளைய ஊசி, ஆண்குறி முதுகு நரம்பு ஊசி, களிம்பு மூன்றையும் ஒப்பிட்டார்கள். மூன்றுமே வலியைக் குறைத்தன. ஆனால் தோலைப் பிரித்து வெட்டும் கட்டம்வரை எல்லாக் கட்டத்திலும் கைகொடுத்தது அடியில் சுற்றிப் போடும் வளைய ஊசி மட்டும்தான். குத்துவதே ஒரு வலிதானே என்று பழைமைவழி மோகேல்கள் பலர் மறுப்பதிலும் நியாயம் உண்டு. தவிர, ஊசி போட மருத்துவர் வேண்டும். அமெரிக்கச் சீர்திருத்த யூத இயக்கம் 1984 முதல் மருத்துவர்களுக்கும் மோகேல் பயிற்சி தருகிறது. அப்படி ஒருவர் கிடைத்தால் நான் ஊசியைத்தான் சொல்வேன். இல்லையென்றால் களிம்பும் சர்க்கரைக் கரைசலும் சேர்த்து.

பாராசிட்டமால் வெட்டும் நேரத்துக்கு உதவாது, பிற்பாடு கொஞ்சம் உதவலாம். மேலுடம்பைத் துணியால் கதகதப்பாகச் சுற்றுவதற்குச் செலவே இல்லை, தவறாமல் செய்யுங்கள்.

அப்புறம், முந்தைய நாளே மோகேலிடம் பேசி, அழைப்பிதழில் போட்ட நேரத்தைக் கேட்காமல் கத்தி எடுக்கும் நேரத்தைக் கேளுங்கள். களிம்புக்கான ஒரு மணி நேரத்தை அதிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்.