குடோன் ஷெட் போடப் போறீங்களா? ஷீட்டை அளந்து பாத்துட்டு காசு குடுங்க

போன வருசம் பல்லடம் பக்கம் நூல் கோன் வைக்க 60க்கு 100 அடில ஒரு பிஇபி ஷெட் (ஃபேக்டரிலயே இரும்பு ஃப்ரேம் செஞ்சு கொண்டாந்து மாட்டறது) போட்டேனுங்க, லோன்லதான். பட்ஜெட் கம்மி, ஆனா பகல்ல லைட் போடாம ஓட்டணும், பின்னாடி மேல சோலார் வைக்கணும்னு ஆசை. நாலு பேர்ட்ட கொட்டேசன் வாங்குனதுல ஒருத்தர் மட்டும் சதுரடிக்கு 40 ரூவா கம்மி, "சார் இது கிரீன் ஷெட்டு, கரண்ட் பில்லே வராது"ன்னு கலர் கலரா 3டி படம் வேற காட்டுனாரு, விழுந்துட்டேன். பஞ்சாயத்து ஓடிட்டிருக்கறதால பேர் போடல.

ஒரு வெயில் காலம் தாங்கலைங்க. வெளிச்சத்துக்குன்னு கூரைல விட்ட பாலிகார்பனேட் ஷீட்டு மஞ்சளடிச்சுப் போச்சு, யுவி கோட்டிங் இல்லாத மாலாம், இப்ப காலைல 11 மணிக்கே லைட் எரியுது. மேல டர்போ வென்டிலேட்டர் ஆறு ஜம்முனு சுத்துது, ஆனா கீழ காத்து உள்ள வர ஒரு லூவர் கூட வைக்கல, அப்பறம் சூடு எப்படி வெளிய போகும்? எலிவேசன் நல்லாருக்கும்னு நீளவாக்கு சுவரை மேக்க பாத்து வெச்சதுல மதியத்துக்கு மேல உள்ள நிக்கவே முடியல.

குட்டு உடைஞ்சது சோலார்க்காரர் வந்தன்னிக்குத்தான். மேல ஏறி ரெண்டு எட்டு வெச்சாரு, டப்புனு ஷீட்டு உள்வாங்குச்சு, மனுசன் அப்படியே நின்னுட்டாரு. இறங்கி வந்து மூலைல கிடந்த மிச்சத் துண்டை எடுத்து ஸ்க்ரூகேஜ்ல வெச்சு காட்டுனாரு, 0.35 எம்எம். எனக்கு வாயில சொன்னது 0.50. ஷீட்டைத் தாங்குற குறுக்கு இரும்பு, பர்லின்னு சொல்றது, அதும் 2 எம்எம்னு சொன்னது 1.6தான். பேனல் ஸ்டாண்டு எல்லாம் சேத்து சதுர மீட்டருக்கு 15 கிலோ பக்கம் வருமாம், இதுமேல வெக்க மாட்டேன்னு கிளம்பிட்டாரு.

பழைய கொட்டேசனைத் தேடி எடுத்தா "கலர் ஷீட், ஸ்டாண்டர்ட் குவாலிட்டி", அவ்ளோதான், எம்எம்ங்கற எழுத்தே இல்ல. அது என் தப்பு, ஒத்துக்கறேன். டிசைன் பேப்பரைப் பாத்தா இன்னும் கூத்து, ஷெட்டு தாங்க வேண்டிய காத்து வேகம் செகண்டுக்கு 50 மீட்டர்னு போட்டிருக்கு. கட்டட விதி கோடுப்படி அது சென்னைக்குங்க, கோவைப் பக்கம் 39. யாருக்கோ போட்டதை அப்படியே பிரிண்ட் எடுத்து நீட்டியிருக்காங்க!

ஷீட்டு எத்தனை எம்எம், அது பெயிண்டோட சேத்தா இல்ல வெறும் இரும்பா, துருப்பிடிக்காம இருக்க அடிக்கற அலுமினியம்-துத்தநாகப் பூச்சு ஏஇசட் 150ஆ, அதாவது சதுர மீட்டருக்கு 150 கிராமான்னு எழுதி வாங்குங்க. பெயிண்டோட 0.50ன்னா உள்ள இரும்பு 0.45 கிட்டத்தான் இருக்கும். லோடு இறங்கும்போது வே பிரிட்ஜ் சீட்டு கேளுங்க, 1 எம்எம் இரும்பு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ, நீங்களே கணக்கு போட்டுரலாம். ஸ்க்ரூகேஜ் ஒண்ணு கைல இருக்கட்டும், ஷீட்டு மேல ஏறுனதுக்கப்பறம் பேசி புண்ணியமில்ல.

கடைசில 5 சதவீதம் மட்டும் குடுக்காம நிறுத்தி வெச்சிருந்தேன். ஷெட்டைப் பாக்க வரச்சொன்னா வராத ஆளு, அந்தப் பணத்துக்கு மட்டும் தினம் காலைல தவறாம போன் பண்றாரு.