மூன்றடுக்கு மண்பானை உரத்தொட்டி: நான்கைந்து ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

வேளச்சேரியில் இரண்டாவது மாடி, வீட்டில் நான்கு பேர். நான்கைந்து ஆண்டுகளாகச் சமையலறைக் கழிவு முழுக்க பால்கனியில் இருக்கும் மண்பானைத் தொட்டிக்குத்தான் போகிறது. வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் தயங்காமல் வாங்கச் சொல்கிறேன். உரம் கிடைப்பது அதற்கு முதல் காரணம் அல்ல; ஈரக்கழிவு குப்பை மேட்டுக்குப் போகாமல் இருப்பதுதான்.

தென்சென்னைக் குப்பை நெடுங்காலமாகப் பெருங்குடிக் கிடங்கில், பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் மேல் கொட்டப்பட்டு வந்திருக்கிறது. 2022 ஏப்ரலில் அங்கே பிடித்த தீ நாள் கணக்கில் எரிந்தது. குப்பை மேட்டின் உள்ளே காற்று புகாது. காற்றில்லாமல் அழுகும் சோறும் காய்த்தோலும் மீத்தேனை விடும். அது எரியும் வாயு. எரியாமல் மேலே போனாலும், நூறு ஆண்டுக் காலத்துக்குக் கணக்கிட்டால் அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். அதே தோல் காற்றோட்டமாக மட்கினால் பெரும்பாலும் கரியமில வாயுவும் நீராவியும்தான் வெளியேறும். அந்தக் கரியமில வாயுவும் செடி முன்பு காற்றிலிருந்து எடுத்ததுதான், புதிதாகச் சேர்வதல்ல.

அப்புறம் லாரி. ஈரக்கழிவின் எடையில் முக்கால்வாசிக்கு நெருக்கமாகத் தண்ணீர்தான். ஊரைத் தாண்டி டீசல் எரித்துச் சுமந்து போவது பெரும்பாலும் அந்தத் தண்ணீரை. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வரும். லிட்டருக்கு 3 கிலோமீட்டர் ஓடும் லாரி, போக வர 30 கிலோமீட்டர் ஓடினால் 27 கிலோ. ஆனால் அந்த லாரி கொட்டும் 10 டன் உணவுக்கழிவு மேட்டின் ஆழத்தில் அழுகும்போது வரும் மீத்தேன், கரியமில வாயுக் கணக்கில் பல டன் ஆகும். லாரியின் மைலேஜைக் கூட்டுவது நல்லதுதான். நிறைந்த லாரியை மட்டும் அனுப்புவது, காம்பாக்டரில் அழுத்தி ஏற்றுவது, தெருவுக்குள் பேட்டரி வண்டியை விடுவது எல்லாமே வேண்டும். ஆனாலும் லாரியில் எதை ஏற்றுகிறோம் என்பதில்தான் பெரிய மிச்சம் இருக்கிறது.

சரி, தொட்டிக்கு வருகிறேன். பயன்படுத்துவது எளிது. மேல்பானையில் கழிவைப் போட்டு, அதன்மேல் சருகோ தேங்காய் நார்த்தூளோ தூவ வேண்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை கிளறிவிட வேண்டும். பானை நிறைந்ததும் கீழே இறக்கிவிட்டு, காலிப் பானையை மேலே ஏற்றலாம். கடையில் தரும் நுண்ணுயிர்ப் பொடி தீர்ந்த பிறகு புளித்த மோரைத் தெளித்து வருகிறோம். ஒரு குறையும் இல்லை. எலுமிச்சைத் தோல், முட்டை ஓடு, மாங்கொட்டை மூன்றும் மட்கத் தாமதமாகும். மாங்கொட்டையைப் போடாமல் இருப்பதே மேல்.

எல்லாம் சருகில்தான் இருக்கிறது. கழிவில் தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகம், சருகில் கரிச்சத்து (கார்பன்) அதிகம். கரிச்சத்து 25 முதல் 30 பங்கு, தழைச்சத்து ஒரு பங்கு என்று அமைந்தால் நன்றாக மட்கும். சருகு குறைந்தால் கூழாகும், கூழானால் காற்று போகாது, நாற்றம் வரும். நாற்றம் வருகிறது என்றால் தொட்டிக்குள்ளேயே சின்னதாக ஒரு பெருங்குடி உருவாகிறது என்று பொருள். அப்போது மீத்தேனைத் தடுப்பதாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

சென்னையில் சோதனைக் காலம் ஐப்பசி, கார்த்திகை. காற்றே ஈரமாக இருக்கும், காய்ந்த இலை எங்கும் கிடைக்காது. வேம்பு இலை உதிர்ப்பது மாசி, பங்குனியில். தெருவில் கூட்டிக் குவிக்கும் அந்தச் சருகைச் சாக்கில் கட்டி மழைக்காலத்துக்கு எடுத்து வைக்கிறோம். தெருவோரத்தில் அதை எரிப்பதைப் பார்க்கும்போது மனது பொறுப்பதில்லை. புழுக்களைப் பார்த்து அருவருப்பவர்கள் உண்டு. வெள்ளைப் புழுக்கள் பெரும்பாலும் படைவீரன் ஈ (black soldier fly) என்ற ஈ வகையின் இளம்புழுக்கள்தான், கடிக்காது, கழிவை வேகமாகத் தின்றுவிடும். சருகைக் கூட்டினால் எண்ணிக்கை குறையும்.

மின்சார உரக் கருவியைப் பக்கத்து வீட்டில் பார்த்தேன். சில மணி நேரத்தில் பொடி வருகிறது. அது மட்கிய உரம் அல்ல, காய்ந்த உணவு; நனைந்தால் மறுபடி நாறுகிறது. கரண்ட் செலவு வேறு. எனக்குப் பிடிக்கவில்லை.

மண்பானையின் குறை எடை. நிறைந்த பானையை இறக்க இரண்டு பேர் வேண்டும். எங்கள் அடிப்பானை விரிசல் விட்டது, தனியாக அதை மட்டும் மாற்ற முடிந்தது. முதியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் வாளி இரண்டு போதும்.

ஒரே வீடு செய்தால் லாரி குறையாது. எங்கள் அடுக்ககத்தில் பாதிக்கு மேற்பட்ட வீடுகள் சேர்ந்த பிறகுதான் ஈரக்கழிவுத் தொட்டி சிறிதானது. இப்போது வருவது பேட்டரி வண்டி மட்டுமே, எல்லாம் அதிலேயே அடங்கிவிடுகிறது. விசேஷ வீட்டுச் சாப்பாடு மிஞ்சும் நாளில் மட்டும் பானை தாங்காது. எண்ணெயும் குழம்பும் கலந்த அதை மாநகராட்சி உரக்கூடத்துக்குத் தனியாகக் கொடுத்து அனுப்புகிறோம்.