சின்ன ஏற்றுமதி யூனிட்டுக்கு ஏர்டேபிள் சரிப்பட்டு வருமா?

கரூரில் சமையலறைத் துண்டு, ஏப்ரன், மேஜை விரிப்பு அனுப்புகிற எங்களைப் போன்ற சின்ன யூனிட்டுகளில் கணக்கெல்லாம் டாலியில் சுத்தமாக இருக்கும். ஆனால் எந்த பையருக்கு எந்த டிசைன், என்ன ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்கிற துணி எடை), எந்த ஷேடை ஓகே பண்ணினார், கடைசியாக என்ன ரேட் கொடுத்தோம் என்பதெல்லாம் பாதி எக்ஸலிலும் பாதி, பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசரின் வாட்ஸ்அப்பிலும் கிடக்கும். அவர் லீவு போட்டால் பையருக்குப் பதில் எழுத ஆளில்லை. அதற்காகத்தான் ஏர்டேபிளுக்கு மாறினோம்; எக்ஸல் மாதிரியே தெரிகிற, நெட்டில் ஓடுகிற டேட்டாபேஸ் அது. ஒரு சீசன் முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

இதன் உயிரே ஒரு டேபிளை இன்னொரு டேபிளோடு இணைக்கிற வசதிதான். எங்கள் தொழிலில் ஒரே சரக்குக்கு நாலு பெயர். 50×70 சென்டிமீட்டர் வாஃபிள் துண்டுக்கு நாங்கள் ஒரு ஆர்டிகிள் நம்பர் வைத்திருப்போம், ஜெர்மனி பையர் வேறு நம்பர் சொல்வார், டென்மார்க்காரர் இன்னொன்று சொல்வார், பார்கோடு, வாஷ்கேர் லேபிள், கார்ட்டனுக்கு எத்தனை பீஸ் என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். எக்ஸலில் பையருக்கு ஒரு ஷீட் போட்டு அதே துண்டைத் திரும்பத் திரும்ப அடித்து வைப்போம். ஜிஎஸ்எம்மை ஒரு ஷீட்டில் திருத்தினால் மற்றதில் பழையதே நிற்கும். இங்கே சரக்குக்கு ஒரு டேபிள், பையருக்கு ஒரு டேபிள், நடுவில் 'பையர் ஆர்டிகிள்' என்று மூன்றாவது. பையருக்குப் பையர் மாறுகிற நம்பர், ரேட், பேக்கிங் எல்லாம் நடு டேபிளில் இருக்கட்டும். கவுண்ட் (நூலின் பருமன்), அளவு, ஹெச்எஸ் கோடு (சுங்கத்துக்கான சரக்கு எண்) எல்லாம் சரக்கு டேபிளோடு நிற்கட்டும். இந்த நடு டேபிளை முதல் நாளே போட்டுவிடுங்கள், பிற்பாடு பிரிப்பது பெரும்பாடு. பார்கோடை நம்பர் ஃபீல்டில் போடாதீர்கள், முன்னால் இருக்கிற பூஜ்யம் போய்விடும்.

லேப் டிப் (ஷேடு ஓகே வாங்கச் சாயம் போட்டுக் காட்டுகிற சின்னத் துணி மாதிரி) போட்டோவை அந்த வரியிலேயே இணைத்து வைக்கலாம் என்பது எங்களுக்கு ரொம்பப் பிடித்தது. அப்புறம், ரேட் இருக்கிற நெடுவரிசையை மறைத்து ஒரு வியூ (அதே டேபிளின் தனிப் பார்வை) போட்டு லிங்க்கை பேக்கிங் செக்‌ஷனுக்குக் கொடுத்துவிடலாம்; பார்க்க மட்டும் செய்பவருக்குக் காசு கிடையாது.

சரி, காசு விஷயம். இலவசத் திட்டத்தில் ஒரு பேஸுக்கு (டேபிள்கள் எல்லாம் சேர்ந்த ஒரு டேட்டாபேஸ்) 1,000 ரெக்கார்டுதான், அதாவது ஆயிரம் வரி. பையர், சரக்கு, நடு டேபிள் எல்லாம் சேர்த்தே அந்த ஆயிரம். ஆர்டர் வரிகளையும் உள்ளே ஏற்றினால் சீக்கிரமே நிரம்பிவிடும். அடுத்த திட்டம், வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினாலும், திருத்துகிற ஆள் ஒருவருக்கு மாதம் 20 டாலர். நாலு பேர் திருத்துகிற ஆபீஸில் அது நிச்சயம் கையைக் கடிக்கும். அதனால் ஆர்டரையும் இன்வாய்ஸையும் டாலியிலேயே விட்டுவிட்டு, சரக்கு, பையர் விவரத்தை மட்டும் இதில் வைப்பதுதான் என் கணக்கில் சரி.

நெட் போனால் வேலை ஓடாது. ஒரே ஆர்டிகிளை இரண்டு தடவை ஏற்றினாலும் தானாகத் தடுக்காது, ஏற்றுபவர் தேடிப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். டேட்டாவை சிஎஸ்வி ஃபைலாக வெளியே எடுத்தால் போட்டோ வராது, வெறும் லிங்க்தான் வரும், அதுவும் சில மணி நேரத்தில் செத்துவிடும். ஆகவே ஷேடு போட்டோக்களை ஆர்டிகிள் நம்பர் போட்ட ஃபோல்டரில் தனியாகவும் வையுங்கள்.

இரண்டு மூன்று பையரோடு நிற்கிறவர்களுக்கு கூகுள் ஷீட்ஸே போதும். ஒரே சரக்கு நாலைந்து பேருக்குப் போகிறது என்றால் இதைத் தாராளமாக எடுக்கலாம், முதலில் அதிகம் வாங்குகிற ஒரு பையரை மட்டும் ஏற்றி ஓட்டிப் பாருங்கள்.